தவளகிரிக்குக் கீழே எங்கள் அடுப்பு

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்துவிட்டுக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு நைனாவுடனும் அண்ணனுடனும் பைபர் படகில் ஏறினேன். அலை உடைகிற இடத்தைத் தாண்டுகிறவரை குஷியாகத்தான் இருந்தது. அப்புறம் நைனா இன்ஜினை நிறுத்திவிட்டு வலையை இறக்கச் சொன்னார். ஓடுகிற படகு வேறு, நிற்கிற படகு வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. நின்ற இடத்திலேயே அது இப்படியும் அப்படியும் சாய்ந்ததில், காலையில் குடித்த கஞ்சி முழுவதும் கடலுக்குப் போனது.

“மொதல்ல எல்லாருக்கும் அப்டித்தான். அப்பால பழகிடும்” என்றார் நைனா.

பழகவில்லை. வாடைக் காற்று மாதங்கள் போய் வெயில் காலம் வந்த பிறகும் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரு கையால் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் நெற்றியைத் தாங்கிக்கொள்வான். பக்கத்துப் படகுக்காரர்கள் கிண்டல் செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் நெற்றியில் இருந்த கை மட்டும் விலகாது.

கடைசியில் நைனாவே என்னைப் பொன்னேரியில் ஒரு கல்யாண சமையல் மாஸ்டரிடம் கொண்டுபோய் விட்டார். “மண்டபம் ஆடாது இல்ல, அங்கயாவது நில்லு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார். மாஸ்டர் காட்டூர்ப் பக்கத்துக்காரர். கைப்பக்குவம் பெரிது, கோபமும் பெரிது. அவரிடம் வெங்காயம் உரிப்பதில் தொடங்கிச் சாம்பார் வைக்கிறவரை வந்தபோது, சென்னையில் ஒரு டூர் கம்பெனி அவரை யாத்திரைச் சமையலுக்குக் கூப்பிட்டது. அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நம் ஜனங்கள் காசிக்குப் போனாலும் நேபாளத்துக்குப் போனாலும் காலையில் இட்லியோ பொங்கலோ வேண்டும், மத்தியானம் ரசம் வேண்டும். அதனால் பயணிகளோடு அரிசி மூட்டையும் புளியும் மிளகாய்த்தூளும், கூடவே நாங்களும் ரயில் ஏறுவோம். எந்த ஊரில் இறங்கினாலும் ஹோட்டலுக்குப் பின்பக்கம் ஓர் இடம் ஒதுக்கித் தருவார்கள். அங்கே அடுப்பை மூட்டினால் அதுதான் எங்கள் வீடு.

மலைகளின் பெயர்களை எல்லாம் நான் பஸ்ஸில்தான் கற்றேன். டூர் மேனேஜர் டிரைவர் பக்கத்தில் நின்று மைக்கில் சொல்லிக்கொண்டே வருவார். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, மகாலு, தவளகிரி, அன்னபூர்ணா. எது எத்தனையாவது உயரம், எது எந்தத் திசையில் தெரியும் என்று கைநீட்டிக் காட்டுவார். கைநீட்டிய இடத்தில் பெரும்பாலும் மேகம்தான் இருக்கும். நான் ஊருக்கு வந்ததும் அண்ணனிடம் அந்தப் பெயர்களை ஒப்பிப்பேன். கஞ்சன்ஜங்கா என்றால் அவனுக்குச் சிரிப்பு தாங்காது.

“பேர்லயே கஞ்சன்னு வச்சிக்கினு கீது. அது எங்க மூஞ்ச காட்டப் போவுது?”

“பாத்தவங்கள்லாம் சோக்கா கீதுன்னாங்க.”

“நீ பாத்தியா?”

“நான் எங்கண்ணா பாக்கறது? அவங்க பாக்கப் போற நேரத்துலதான் எனக்கு நாஸ்தா வேல.”

அதுதான் உண்மை. இமயமலைச் சிகரங்கள் முகம் காட்டுவதெல்லாம் விடிகிற நேரத்தில். பயணிகள் குல்லாவும் சால்வையுமாக ஜீப்பில் ஏறிச் சூரியோதயம் பார்க்கப் போவார்கள். திரும்பி வரும்போது பசியோடு வருவார்கள் என்பதால் அந்த நேரத்தில் நாங்கள் பொங்கல் கிண்டிக்கொண்டிருப்போம். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை மூட்டம். போக்கராவில் ஒருமுறை அரிசி களையும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு துண்டு பனியைப் பார்த்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்வதற்குள் அதுவும் மூடிக்கொண்டது. வருஷக்கணக்காக உலகத்தின் உயரமான மலைகளுக்குக் கீழே சமைத்துவிட்டு மலையைப் பார்த்ததில்லை என்று சொன்னால் குப்பத்தில் யாரும் நம்பவில்லை. அண்ணன் மட்டும் நம்பினான்.

நைனா காலமான அடுத்த வருஷம், மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்திருந்தது. படகெல்லாம் கரையேறிக் கிடந்தன. முக்திநாத் யாத்திரைக்குக் கிளம்ப வேண்டிய சமயத்தில் எங்களோடு வரும் எடுபிடி ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது. மூட்டை தூக்க, சிலிண்டர் மாற்ற ஒரு பலசாலி வேண்டும் என்றார் மாஸ்டர். நான் அண்ணனைச் சொன்னேன்.

“நான் இன்னாடா பண்ணப்போறேன் அங்க? எனக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது” என்றான் அண்ணன்.

வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அண்ணி, “போய்ட்டுத்தான் வாயேன். இங்க குந்திக்கினு வலைக்கு ஒரு முடிச்சு, எனக்கு ஒரு திட்டுன்னு எத்தினி நாளு ஓட்டுவ?” என்றாள்.

அவன் வந்தான்.

கோரக்பூர் வரை ரயிலில் ராஜா மாதிரி வந்தான். பயணிகளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தான், மூட்டைகளை ஒற்றைக் கையில் தூக்கினான். எல்லைதாண்டி நேபாளத்துக்குள் பஸ் நுழைந்து மலைப்பாதை ஏற ஆரம்பித்தபோதுதான் அவன் பேச்சு நின்றது. கடைசி சீட்டில் அண்டாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் முழங்கையைப் பிடித்தான்.

“டேய், நிறுத்தச் சொல்லுடா.”

முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்வதற்குள் ஜன்னலில் தலையை நீட்டிவிட்டான். வளைவுக்கு வளைவு அதே கதைதான். நான் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் அது பொய். அவ்வளவு பெரிய உடம்பு கையில் துவண்டு கிடந்ததில் எனக்குப் பயம்தான் வந்தது. முன்சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா, தனியாக யாத்திரை வந்தவர், பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்து முகர்ந்துபார்க்கச் சொன்னார்.

“கடல்ல ஆடறதுக்கு ஒரு கணக்கு கீதுடா. இப்ப இந்தப் பக்கம் சாயும், அப்பால அந்தப் பக்கம் சாயும்னு உடம்புக்குத் தெரியும். இது இன்னா ஆட்டம்?” என்றான், கொஞ்சம் தெளிந்ததும். பிறகு தாழ்ந்த குரலில், “ஊர்ல போய் சொன்ன, அவ்ளோதான்” என்றான்.

போக்கராவில் ஏரியைப் பார்த்ததும்தான் அவனுக்கு உயிர் வந்தது. கலர் கலராகப் பெயின்ட் அடித்த படகுகள் நின்றன. இறங்கிப்போய் ஒரு விரலை நனைத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பே இல்ல” என்று ஏமாற்றத்தோடு சொன்னான். பழவேற்காட்டு ஏரியையே பார்த்து வளர்ந்தவனுக்கு ஏரி என்றால் கொஞ்சமாவது கரிக்க வேண்டும்.

அங்கே மச்சபுச்சரே என்று ஒரு மலை இருக்கிறது. மச்சம் என்றால் மீன், புச்சம் என்றால் வால், மீன்வால் மலை என்று மேனேஜர் விளக்கியதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றான். மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, கட்டடங்களுக்கு நடுவே அதன் உச்சியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டான். என்னைக் கூப்பிடுவதற்குள் மூடிக்கொண்டது.

“எங்கடா வாலு? வால்னா ரெண்டா பிரிஞ்சிருக்கணும். இது ஊசி மாரி ஒத்தையா நிக்குது.”

மேனேஜரிடம் கேட்டோம். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒற்றை முனைதான் தெரியும், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டாகப் பிளந்திருக்கும் என்றார்.

“அப்போ அந்தப் பக்கம் குடியிருக்கறவன்தான் பேர் வச்சிருப்பான்” என்றான் அண்ணன். அந்த பதிலில் அவனுக்குத் திருப்தி.

வழக்கமாகப் பயணிகள் போக்கராவிலிருந்து ஜொம்சொம் வரை சின்ன விமானத்தில் போய், அங்கிருந்து முக்திநாத் பெருமாளைச் சேவித்துவிட்டு உடனே திரும்புவார்கள். நாங்கள் புளிசாதம் கட்டிக்கொடுத்துவிட்டுக் கீழேயே இருந்துவிடுவோம். அந்த முறை வானம் சரியில்லை என்று விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். மேனேஜர் ஜீப்புகள் ஏற்பாடு செய்தார். ஜீப்பில் போனால் மேலே தங்கவேண்டும், தங்கினால் சாப்பாடு வேண்டும். ஆக, முதல்முறையாக எங்கள் அடுப்பும் மலை ஏறியது.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதை ரோடு என்பதே மரியாதைக்காகத்தான். அண்ணன் வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. ஜொம்சொம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். இறங்கியதும் காற்று எங்களை அப்படியே தள்ளியது. ஆற்றுப் பள்ளத்தாக்கில் புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்று. அதைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவனாக வந்தவன், திடீரென்று படகோட்டி ஆகிவிட்டான்.

“மாஸ்டர், இந்தச் சுவரு ஓரமா தார்ப்பாய் கட்டலாம். காத்து இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்பிடும். எனக்குத் தெரியும்.”

மாஸ்டர் நம்பினார். அண்ணன் இறுக்கமாக முடிச்சுப் போட்டான். முடிச்சு அவிழவில்லை, ஆனால் தார்ப்பாயே கிழிந்து பறந்தது. அது ஒரு கல்வீட்டுக் கூரைமேல் போய் விழ, நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே ஓடினோம். அடுப்பு அணைந்தது, மிளகாய்த்தூள் டப்பா உருண்டது, ஹோட்டல்காரர் வெளியே வந்து இந்தியில் ஏதோ சொன்னார். இங்கே தினமும் இந்தக் காற்று இப்படித்தான், இருட்டினால் தானாக அடங்கும், திரும்பவெல்லாம் செய்யாது என்று மேனேஜர் அதை மொழிபெயர்த்தார்.

“கடல்காரன்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்றார் மாஸ்டர்.

கோவேறு கழுதைகளைக் கட்டும் கல் கொட்டில் ஒன்றைப் பெருக்கி அங்கே அடுப்பை வைத்தோம். அங்கே இன்னொரு பேஜார். தண்ணீர் கொதித்தது, ஆனால் அரிசி வேகவில்லை. உயரத்தில் அப்படித்தானாம். கொதிக்கிற தண்ணீரிலேயே சூடு போதாதாம். எல்லா அரிசியையும் குக்கருக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வேகவைத்து, பயணிகள் சாப்பிட்டு முடித்தபோது நாங்கள் நின்றுகொண்டே தூங்கும் நிலையில் இருந்தோம். இருந்த துணியை எல்லாம் போட்டுக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே சுருண்டோம்.

விடிகாலையில் உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பல் விளக்கப் போயிருந்தார். தண்ணீர் பிடிக்கப் போன அண்ணன் வெறும் குடத்தோடு வந்து வாசலில் நின்றான்.

“வா.”

“ரவை அடுப்புல கீதுண்ணா.”

“வாடா.”

அவன் குரலைக் கேட்டு யாரோ விழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். தீயைக் குறைத்துவிட்டு வெளியே ஓடினேன். காற்று சுத்தமாக நின்றிருந்தது. முந்தின நாள் அவ்வளவு இரைச்சலாக இருந்த ஊரா இது என்று தோன்றியது. கூழாங்கல் நிறைந்த ஆற்றங்கரைக்கு என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினான். எதிரே பழுப்பு மலைகள் தெரிந்தன, அவற்றின்மேல் கொஞ்சம் மேகம் படிந்திருந்தது. மலை எங்கே இருக்கவேண்டும் என்று நினைத்திருந்தேனோ அந்த உயரத்தில் தேடினேன்.

“இன்னாண்ணா? மேகம்தான் கீது.”

அண்ணன் என் மோவாயைப் பிடித்துத் தூக்கினான். “அங்க இல்ல. இன்னும் மேல.”

மேகத்துக்கு மேலே, வெறும் வானம் என்று நான் விட்டுவிட்ட இடத்தில், மலை இருந்தது. மலைமேல் மேகம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே மேகத்தின் தலைக்கு மேலே மலை தொடங்கி, கழுத்து வலிக்கிறவரை போய்க்கொண்டிருந்தது. ஒருபக்கம் நீலகிரி. ஆமாம், அந்த ஊரிலும் ஒரு நீலகிரி இருக்கிறது, முழுக்கப் பனி. அன்னபூர்ணா அதற்குப் பின்னால் மறைந்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம், பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில், தவளகிரி. உலகத்தில் ஏழாவது என்று மைக்கில் எத்தனையோ தடவை கேட்ட பெயர். அதன் நுனியில் மட்டும் வெயில் பட்டிருந்தது. ஊதிவிட்ட கரித்துண்டில் முதலில் ஓர் ஓரம் சிவக்குமே, அப்படி. நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தச் சிவப்பு கீழே இறங்கியது. எங்கள் காலடியில் இன்னும் இருட்டு போகவில்லை.

பிறகு அண்ணன் கேட்டான்.

“நைனா இத்த பாத்திருந்தா இன்னாடா சொல்லியிருப்பாரு?”

“அங்க மீன் கிடைக்குமான்னு கேட்டிருப்பாரு.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. நைனா செத்த அன்று வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விட்டது. அவருக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அந்த ஆற்றங்கரையில்தான். அண்ணன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கைபோட்டுக்கொண்டான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாஸ்டர், கையில் பல் பிரஷ்ஷோடு. திட்டுவதற்கு வாயைத் திறந்தபடியே வந்தவர் நாங்கள் பார்த்த பக்கம் பார்த்தார். மெதுவாகக் குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இத்தினி வருஷமா இதுக்குக் கீழதான் சோறாக்கினோமா?” என்றார்.

அதற்குப் பிறகுதான் கருகல் வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ரவை மொத்தமும் கறுப்பு. வேறு ரவை கிடையாது. பயணிகள் முக்திநாத் கிளம்பத் தயாராகி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹோட்டல்காரரிடம் பிரெட்டும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வாங்கி, இருந்த ஜாமைத் தடவிப் பரிமாறினோம். மேனேஜர் முகம் சிவந்துபோய் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். எலுமிச்சம்பழம் கொடுத்த அம்மா மூக்கைச் சுருக்கி, “என்னப்பா, ஏதோ தீய்ஞ்சிருக்கே?” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

மாஸ்டர் அவரிடமே நேராகச் சொன்னார். “ஆமாம்மா. மலை தெரிஞ்சிது. மூணு பேரும் போய் நின்னுட்டோம்.”

அந்த அம்மா ஜாம் தடவிய பிரெட்டை ஒரு கடி கடித்தார். “சரி, போகட்டும். நாளைக்குப் பாயசம் போட்டுடுங்க” என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜரும் அதோடு விட்டுவிட்டார். மறுநாள் போக்கராவில் சேமியா பாயசம் போட்டோம்.

ஊர் திரும்பியதும் வலை பின்னுகிற இடத்தில் அண்ணனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். எங்கள் குப்பத்தில் உயரம் என்றால் கலங்கரை விளக்கம்தான். கடலிலிருந்து திரும்புகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். “நம்ம லைட்ஹவுசு மாரி எத்தினி இருக்கும்?” என்றார் ஒருவர். அண்ணன் ஒன்றின்மேல் ஒன்றாக மனசுக்குள் அடுக்கிப் பார்த்தான் போலிருக்கிறது. பாதியில் விட்டுவிட்டான்.

“நீ அண்ணாந்து பாக்கற இல்ல, அதுக்கும் மேல கீது” என்றான். அதற்குமேல் சொல்ல அவனுக்கு வரவில்லை. எனக்கும் இன்றுவரை வந்ததில்லை.

அதற்குப் பிறகும் சில வருஷம் நான் மலைப் பக்கம் போய் வந்தேன். கொரோனா வந்து டூர் நின்றபோது எல்லாரும் கலைந்தோம். மாஸ்டர் முட்டிவலியால் வேலையை விட்டு மகள் வீட்டோடு இருக்கிறார். நான் மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டிபன் கடை போட்டேன். காலை ரயிலுக்கு ஓடுகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுப் போவார்கள். கடை நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் மார்கழிக் காலையில் குழாயைத் திறந்ததும் கை விறைத்தால், போக்கராவின் அந்தப் பின்கட்டு, மேனேஜரின் மைக், பஸ் கிளம்பும்போது அண்டாக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் எல்லாம் அப்படியே வந்துவிடும். அப்போது அதையெல்லாம் கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணன் இன்னும் கடலுக்குப் போகிறான். தடைக்காலம் வந்தால் என் கடைக்கு வந்து டீயோடு உட்கார்ந்துகொள்வான். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஜொம்சொம்மில் போய் நிற்கும். எல்லாவற்றையும் வருஷாவருஷம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அண்ணி, போன சித்திரையில் குப்பத்துப் பெண்கள் சிலரோடு சேர்ந்து தானே முக்திநாத்துக்குக் கிளம்பிவிட்டாள். என் மனைவியும் கூடப் போனாள். அண்ணனுக்குத் துணைக்குப் போக ஆசைதான். “நீ வந்தா பஸ் நிறுத்தி நிறுத்திப் போவணும்” என்று சொல்லி அண்ணி சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை கடையில் கூட்டமான நேரத்தில் வீடியோ கால் வந்தது. அண்ணன் போனை வாங்கி வைத்துக்கொண்டான். திரையில் சால்வைக்குள் அண்ணியின் மூக்கு மட்டும் தெரிந்தது. பின்னால் பெண்களின் கூச்சல்.

“இதோ கீது பாரு! தெரிதா? முழுசா தெரிதா?” என்று போனைத் திருப்பினாள்.

திரை முழுக்க வெள்ளை. வெயிலா, பனியா, மேகமா, ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணன் போனைச் சாய்த்தான், தூரமாகப் பிடித்தான், கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தான். நான் தோசைக் கரண்டியோடு அவன் பின்னால் நின்றேன்.

“இன்னாயா, சத்தமே காணோம்? தெரிதா இல்லியா?”

“எனக்குத் தெரியறது இருக்கட்டும்மே” என்றான் அண்ணன். “நீ போனைக் கீழ வை. அண்ணாந்து பாரு. சீக்கிரம் பாரு, மூடிக்கும்.”

அவள் வைத்துவிட்டாள். அண்ணன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவும் இடத்துக்குப் போனான்.